கன்றுக்குட்டியும் கட்டுண்ட தூதர்களும்

எங்கள் அப்பா தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். அதனாலோ என்னவோ, சிறுவயதில் நரகத்தைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இருந்ததில்லை. மதியச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அந்த அடுப்பின் வாயைப் பார்த்திருக்கிறேன். எரிகிற இடம் என்றால் அங்கே யாராவது விறகு போட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் பசிக்கும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோர்ச்சோறு சாப்பிட உட்காருவார்கள். நரகம் எனக்கு அவ்வளவுதான்.

என்னைக் கலங்கவைத்தது இருட்டு. எழுபதுகளின் நடுவில், மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டின் சின்ன சபைக்கோயிலில், ஓய்வுநாள் பள்ளி நடத்திய உபதேசியார் ஒரு நாள் விழுந்துபோன தூதர்களைப் பற்றிச் சொன்னார். வானத்தில் தங்களுக்குக் கொடுத்த இடம் போதாது என்று நினைத்த தூதர்கள் சிலர் கீழே தள்ளப்பட்டார்களாம். கடைசி நாள் வரைக்கும் கடவுள் அவர்களைச் சங்கிலி போட்டு இருட்டில் கட்டிவைத்திருக்கிறாராம்.

"அந்த நாள்ல அவங்களுக்குத் தீர்ப்புச் சொல்லப் போறது யாரு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "நாமதான். விசுவாசிக எல்லாரும்."

"நானுமா ஐயா?"

"நீயுந்தான் தாயி."

எனக்கு அப்போது ஒன்பது வயது. கிறிஸ்துமஸ் கவுனுக்கு என்ன நிறத்தில் துணி வேண்டும் என்றுகூட அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. சிறகுள்ளவர்களுக்கே நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றதும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. ஆனால் ஒரு சந்தேகம் வந்தது.

"அவங்க மன்னிப்புக் கேட்டா விட்டுரலாமா ஐயா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். "கேக்கத் தெரியாதவங்களா ஆயிட்டாங்க தாயி. அதான் அவங்க பாடு."

அன்றைக்கே நான் தீர்ப்புச் சொல்லிப் பழக ஆரம்பித்துவிட்டேன். எனக்குக் கிடைத்த தூதர் என் அத்தை மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் லயத்துக்கு, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரத்தில் மாட்டுக் கயிற்றால் அவளைக் கட்டி, எதிரே ஒரு கல்லில் நான் உட்கார்ந்து, "மன்னிப்புக் கேக்கிறியா?" என்பேன். "மாட்டேன்" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வாள். அவ்வளவு நன்றாகச் சொல்வாள். எனக்கே மனசு தாங்காமல் அவிழ்த்துவிட்டுவிடுவேன். "அவுக்கக் கூடாது, ஐயா சொன்னாருல்ல" என்று அவள்தான் என்னைத் திட்டுவாள்.

இந்த விளையாட்டு நீடிக்கவில்லை. எங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒரு கிடேரிக் கன்று பிறந்தது.

அந்தப் பசு அத்தையின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுச் சீராகக் கொடுத்தது. ஆனால் அத்தையைக் கட்டிய மாமாவின் லயத்தில் கொட்டகை போட இடமில்லை. அதனால் பசு எங்கள் கொட்டகையிலேயே நின்றது. அப்பா புல் அறுத்துப் போடுவார். சினை ஊசிக்கு மாமா மாட்டுப்பட்டி மாட்டுப் பண்ணைக்கு ஓட்டிப் போவார். ஒரு நாள் பால் எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. அதுவரை பிறந்ததெல்லாம் காளைக்கன்றுகள்; அவை யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தத் தடவை நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு கிடேரி பிறந்ததும் இரண்டு பேருக்கும் நியாயம் ஞாபகம் வந்துவிட்டது.

மாமா ஒரு நாள் காலையில் வந்து கன்றை அவிழ்த்துக்கொண்டு போனார். பசு பொழுதெல்லாம் கத்தியது. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, சட்டையில் கரியோடு நேரே போய்க் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பசு என்னது. கன்னு மட்டும் எப்படி உம்மதாகும் மாப்ள?" என்று மாமா பின்னாலேயே வந்தார்.

"அக்காவையும் குடுத்து, மாட்டையும் குடுத்து, அந்த மாட்டுக்குப் புல்லும் அறுத்துப் போட்டாச்சு. இன்னும் என்னத்த அத்தான் தரணும்?"

வாசலில் நின்ற மாமா அப்படியே திரும்பிப் போய்விட்டார். கன்றைப் பற்றிய சண்டை அந்த ஒரு வாக்கியத்தில் வேறு சண்டையாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மதினியோடு நான் விளையாடக் கூடாது என்று அப்பா சொன்னார். அங்கேயும் அதே உத்தரவு. மலையில் கொழுந்து எடுக்கும்போது அம்மாவும் அத்தையும் ஒரே நிரையில் நின்று எப்போதும்போல் பேசிச் சிரித்தார்கள். லயத்துக்கு இறங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கள் புருஷன்மாருக்கு அவர்கள் செய்த மரியாதை அது. கோயிலில் அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தால் மாமா கடைசிப் பெஞ்சுக்குப் போவார். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை தேவிகுளத்துக்குப் போய் வக்கீலைப் பார்க்கப் போவதாக மாமா டீக்கடையில் சொன்னார் என்று செய்தி வந்தது. அன்று அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

சபையின் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம்; அவர் மூணாறிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் பிரசங்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஆராதனை முடிந்தும் ஆசீர்வாதம் சொல்லாமல் நின்றார்.

"தூதர்களையே நியாயம் தீர்க்கப் போற சபை இது. ஒரு கன்னுக்குட்டிய இங்க தீர்க்க முடியாம தேவிகுளம் போகணுமா?"

எல்லோரும் கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் காது சிவந்துவிட்டது.

"யாரு தீர்க்கிறது? நீங்களா? வாரத்துல நாலு நாள் அவுக வீட்டுல காப்பி குடிக்கிறீங்க."

"நான் இல்ல. சபையில யாரு தாழ்ந்தவங்களோ அவங்கள உக்கார வைக்கச் சொல்லுது வேதம். யாரு வாரீங்க?"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. புழுவிலும் கடைப்பட்டவன் என்று வாரம் தவறாமல் கண்ணீரோடு ஜெபிக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபையில் அவ்வளவு உயர்ந்தவர்கள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். துணிச்சல் எல்லாம் ஒன்றுமில்லை. கூப்பிட்டால் போகவேண்டியதுதானே என்று நினைத்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"அது அவுக மகள்லா?" என்றார் மாமா.

"அப்ப உங்க மகளும் உக்காரட்டும்" என்றார் உபதேசியார்.

ஐயர் வந்தால் உட்காரும் நாற்காலியில் என்னையும் மதினியையும் சேர்த்து உட்காரவைத்தார். கால் தரைக்கு எட்டவில்லை. அப்பாவையும் மாமாவையும் முன்னால் இருந்த குட்டைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு அது. இரண்டு பெரிய ஆட்கள் உட்கார்ந்தால் தோள் இடிக்காமல் இருக்க முடியாது.

இருவரும் தங்கள் நியாயத்தைச் சொன்னார்கள். புல், ஊசி, சீர், கொட்டகை எல்லாம் வந்தது. அன்று வாசலில் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு பேருமே சொல்லவில்லை. "வெளிய போயி யோசிச்சிட்டு வாங்க" என்று உபதேசியார் எங்களை அனுப்பினார்.

கோயிலுக்குப் பின்னால் நல்ல வெயில். நாங்கள் யோசிக்கவே இல்லை. அவர்கள் லயத்துக்கு அடியில் நாய் குட்டி போட்டிருந்ததை மதினி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரை மாற்றி உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதை நான் சொன்னேன். பேசாமல் போன நாட்களையெல்லாம் சேர்த்துப் பேசினோம். திடீரென்று எனக்கு ஞாபகம் வந்தது.

"மதினி, தீர்ப்பு?"

"நீயே சொல்லிரு. நீதானே எப்பவும் சொல்லுவ."

உள்ளே போனால் சபையார் முக்கால்வாசிப் பேர் வெளியே வெயிலுக்குப் போய்விட்டிருந்தார்கள். உபதேசியார் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டிருந்தார். குட்டைப் பெஞ்சில் அப்பாவும் மாமாவும் மட்டும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கன்னுக்கு ரெண்டு நாளாக் கழியுது அத்தான்."

"பாலு கூடுதலா ஊட்ட விட்டிருப்பீரு. கொய்யாக் கொழுந்து அரைச்சுக் குடுத்தீரா?"

"குடுத்தேன். நிக்கல. எந்திரிக்கவே மாட்டேங்குது."

மாமா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "நாளைக்குக் காலம்பற பண்ணைக்குத் தூக்கிட்டுப் போயிருவோம். டாக்டர் இருப்பாரு."

"நாளைக்கு உங்களுக்குத் தேவிகுளம் போகணும்லா?"

"தேவிகுளம் எங்க ஓடிரப் போவுது?"

நான் நாற்காலியில் ஏறி நின்றேன். எனக்குத் தெரிந்தது ஒரே தீர்ப்புதான். அதைச் சத்தமாகச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் மன்னிப்புக் கேக்கணும். கேக்கலைன்னா இருட்டுல கட்டிப் போடணும்."

"யாரு கட்டுவா?" என்றார் மாமா.

"நாங்கதான்" என்றாள் மதினி.

உபதேசியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து துண்டை உதறினார். "சரி தாயி, வந்து கட்டுங்க. மொதல்ல கன்னைப் பாத்துட்டு வந்துருதோம்." இரண்டு பேரும் வேகமாக வெளியே போனார்கள். படியில் மாமா தடுமாறியபோது அப்பா கையைப் பிடித்தார். பிடித்த கையை உடனே விட்டும்விட்டார்.

கன்று பிழைத்துக்கொண்டது. அது யாருடையது என்று கடைசிவரை முடிவாகவில்லை. அது வளர்ந்து பால் கொடுத்தபோது இரண்டு வீட்டிலும் குடித்தோம். மாமா வக்கீலைப் பார்க்கப் போகவே இல்லை. மதினி மறுநாளே மரத்தடிக்கு வந்து கையை நீட்டிக் கட்டச் சொன்னாள்.

ஆனால் எனக்குத் தாங்கவில்லை. முதன்முதலாகக் கிடைத்த வழக்கு, தீர்ப்பு நிறைவேறாமலே போயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த அம்மாவிடம் போய், "ரெண்டு பேரும் மன்னிப்பே கேக்கல" என்று முறையிட்டேன்.

"அதெல்லாம் கேட்டாச்சு. போ, இந்தப் பால அத்தை வீட்டுல குடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

பால் செம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. என் காதால் நான் கேட்கவில்லை. வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். கடைசியில், நானும் மதினியும் கோயிலுக்குப் பின்னால் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் கேட்டு முடித்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். நல்ல கட்டத்தில் வெளியே போய்விட்டோமே என்று அத்தை வீட்டு வாசல் வரைக்கும் வருத்தமாக இருந்தது.