நாற்பது நிமிடத் தொலைவு

அந்த மலை விமான நிலையத்தில் பயணச்சீட்டு சரிபார்க்கும் அக்காவுக்கு ‘நாப்பது நிமிஷம்’ என்றுதான் பட்டப்பெயர். பள்ளத்தாக்குக்கு அப்பாலிருக்கும் இன்னொரு சின்ன விமான நிலையத்துக்கு வானில் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். சாலையில் மலையைச் சுற்றிப் போனால் பதினோரு மணி நேரம். எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும் தலை நிமிராமல் நாற்பது நிமிடம் என்பார். மேகம் விலகக் காத்திருக்கும் நேரத்தை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. வேலைக்காக மாதம் இருமுறை போய்வரும் நான், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளை அங்கிருந்த பெஞ்சில் தொலைத்தவன்.

பத்தொன்பது இருக்கை விமானம். பெட்டியோடு ஆளையும் நிறுப்பார்கள். எடை மிஞ்சினால் யாருடைய மூட்டையாவது இறங்கும். அடுத்த விமானத்தில் வந்துவிடும் என்பார் அக்கா. அந்த அடுத்தது மூன்று நாள் கழித்து.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவே பையோடு கிளம்பினார். மறுமுனை ஊரில் மகளுக்கு மூன்று மணிக்கு ஆபரேஷன். அதற்குமுன் முகத்தைக் காட்டிவிட வேண்டும். முதல்நாளே பஸ் ஏறியிருக்கலாம். ஒன்பது மணி விமானம், பத்துக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று மகளிடம் போனில் சொல்லியிருந்தார். ஊரையே நம்பவைத்த கணக்கு, அவரையும் நம்பவைத்துவிட்டது.

ஊழியருக்கான இலவசச் சீட்டு. எடை இடம் கொடுத்தால்தான் ஏறலாம். எடைத்தாளை எழுதுபவரும் அவர்தான். தன்னையும் நிறுத்து எழுதிக் கூட்டினார். பதினான்கு கிலோ அதிகம். தன் பையை இறக்கினார். இன்னும் ஆறு கிலோ. சுமை ஏற்றுபவர், ஆறுதானே, குறைத்துப் போடுங்கள் என்று காதோடு சொன்னார். அக்கா தாளிலிருந்து தன் பெயரையே அடித்துவிட்டார்.

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். துணி வியாபாரி மட்டும் முன்னால் வந்தார். அக்காவிடம் அதிக மூட்டைகளைப் பறிகொடுத்தவர்.

“என் மூட்டைய இறக்குறப்ப ஒரு நாளாவது இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்களா?” என்றபடி ஒரு மூட்டையை இழுத்துக் கீழே போட்டார். “அடுத்த விமானத்துல வந்துடும்ல, அக்கா?”

அக்கா தன் பெயரைத் திரும்ப எழுதினார்.

மேகம்தான் விலகவில்லை. அக்கா பதினேழு முறை ஜன்னலுக்குப் போய்வந்தார், எண்ணிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது இரண்டேகால். பறந்தது சரியாக நாற்பது நிமிடம். இறங்கிய இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது நிமிடம்.

அடுத்த முறை போனபோது விசாரித்தேன். மகள் நன்றாக இருக்கிறாளாம். ஆனால் இவர் போய்ச் சேருமுன்பே உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். கண் விழித்ததும் எப்போது வந்தாய் என்று கேட்டிருக்கிறாள்.

“உன்ன உள்ள கொண்டுபோறப்பவே வாசல்ல நின்னேனே, நீதான் பாக்கலன்னு சொல்லிட்டேன்” என்றார், ஆறு கிலோவைக் குறைத்து எழுதாத அக்கா.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

“அங்க எத்தன மணிக்குங்க நீங்க இருக்கணும்?”