இடது பக்கம் நின்று அடித்த கல்பனா அக்கா

மாடி கோல்ஃப் வாட்ஸ்அப் குழு நண்பர்களே,

செவ்வாய்க்கிழமை காலை கல்பனா அக்காவின் எண்ணிலிருந்து செய்தி வந்ததும், ஞாயிறு வகுப்பின் நேரம் மாறியிருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். எழுதியிருந்தது அவர் கணவர். மாரடைப்பு, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அக்கா போய்விட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

உங்களில் பலருக்கு நான் அக்காவிடம் வந்து சேர்ந்த கதை தெரியாது. நான் கோல்ஃப் கற்றது போனில் வீடியோ பார்த்து. எங்கள் கீழ்பென்னாத்தூரில் கடலை பிடுங்கிய நிலத்தில் நின்று, வளைத்த இரும்புக் குழாயால் பிளாஸ்டிக் பந்தை அடித்துக்கொண்டிருப்பேன். மாமா ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பாம்பு அடிக்கிறியா?" என்று கேட்டார். திரையில் ஆடுபவர் எதிரே நிற்கிறார் அல்லவா, கண்ணாடியைப் பார்ப்பதுபோல அவரை அப்படியே பின்பற்றினேன். சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையால். ஆட்டம் மட்டும் இடக்கை ஆட்டம் ஆகிவிட்டது. அது எனக்கே தெரியாது!

அதைச் சொன்னது ஆன்லைனில் கிடைத்த ஒரு பயிற்சியாளர். என் வீடியோவைப் பார்த்துவிட்டு, பத்தே நாளில் வலது பக்கம் மாற்றிவிடுகிறேன், முழுப் பணத்தையும் முதலில் கட்டு என்றார். இன்னொருவர் இடக்கை என்றாலே வேஸ்ட் என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு வருடமாக நானாகக் கற்றதை எல்லாம் அழித்துவிட்டு, அப்புறம் அந்த ஆள் சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது?

அப்போதுதான் வேங்கிக்காலில் ஒருவர் மொட்டை மாடியில் வலை கட்டிச் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டேன். சென்னையில் பயிற்சியாளராக இருந்த அக்கா, கணவருக்குக் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல் ஆனதால் இங்கே வந்திருந்தார். என் குழாயோடுதான் போனேன். அக்கா சிரிக்கவில்லை. திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா அடிக்கிற. எதையும் மாத்த வேணாம். ஆனா இடது கைக்குச் சொல்லித்தர எனக்கு வராது."

அவ்வளவுதான், இதுவும் போச்சு என்று குழாயை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போற? கொஞ்ச நாள் டைம் குடு. நான் கத்துக்கினு கூப்பிடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் காசு கட்டிடாத."

சொன்னதைச் செய்தார். யாரிடமோ கேட்டு ஒரு இடக்கை மட்டை வாங்கி, தினமும் மாடியில் பழகி, அந்த வீடியோக்களை எனக்கு அனுப்பினார். ஒன்றில் மட்டை கீழே விரித்த பாயில் மோதுகிறது, பந்து அசையவே இல்லை. பக்கத்து மாடியில் வடாம் காயவைக்கும் அம்மாவின் குரல் கேட்கிறது: "இன்னா டீச்சர், உங்களுக்கே வரலியா?"

"வரலக்கா. அதான் கத்துக்கறேன்" என்கிறார் கல்பனா அக்கா. பிறகு கேமராவைப் பார்த்து என்னிடம், "நீ சொல்லு, எங்க தப்பு?" என்கிறார்.

என்னிடம் போய்க் கேட்கிறார்! தோள் முன்னாடியே திரும்பிவிடுகிறது என்று தயங்கித் தயங்கி எழுதினேன். மறுநாள் வீடியோவில் தோள் சரியாக இருந்தது. அவரை நம்பலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நேற்று ஒரு பெண் நம் குழுவில் சேர்ந்து, கோல்ஃப் கற்க யாரை நம்பிப் போகலாம் என்று கேட்டிருந்தார். அக்காவின் கணவரிடம் அனுமதி வாங்கி, பந்து அசையாத அந்த வீடியோவை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். தான் தப்பாக அடித்ததை இப்படிக் காட்டுகிறவரிடம் போங்கள் என்று எழுதினேன். மாடி வலையைக் கழற்ற வேண்டாம் என்று அக்காவின் கணவர் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறும் மாடியில் கூடுவோம், தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லித்தருவோம். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் இருப்பவை அக்கா தப்புத் தப்பாக அடித்த வீடியோக்கள். கடைசி ஒன்றில் மட்டும் பந்து நேராக வலையின் நடுவில் போய் மோதுகிறது. அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. மூச்சு வாங்க கேமரா பக்கம் திரும்பி என்னிடம் சொல்கிறார்: "ம், இப்ப நீ வா."