முட்டை தின்றவர்

திருச்சுழி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு. பஸ் குலுங்கும்போதெல்லாம் முன்கம்பியை இறுகப் பிடிப்பார். மறு கையில் அவித்த முட்டை.

"மூளையில சேதி கடத்துற புரதத்துல கோளாறாம், அதான் இந்தப் பயம்னாக டாக்டரம்மா. மாத்திரையை விட்டுட்டு தெனமும் முட்டை திங்கிறேன்."

"அது முட்டையில சரியாகுற கோளாறு இல்லைங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தலாமா?"

"தெரியும்யா. அந்தம்மாவும் சொன்னாக. மாத்திரை திங்கிறது தெரிஞ்சா எம்மகளை யாரு பொண்ணு கேட்டு வருவா? முட்டை தின்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாக."

சொல்லும்போதே மஞ்சள் கரு வேட்டியில் உதிர்ந்தது.

திருச்சுழியில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். நடுங்கும் கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு, சிரித்த முகமாக இறங்கினார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குத்தான் பயமாக இருந்தது.