உப்புச் சாடிக்கு அடியில் எகிப்து

கூக்கால் மலைக்கிராமத்தில் தை மாதக் காலையில் கோழி இடுகிற முட்டையை உடைக்க அரிவாள் வேண்டும். தீக்குச்சிகூட அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் எரியும். நம்பாதவர்கள் ஒரு தை மாதம் போய் இருந்துவிட்டு வந்து பேசட்டும். அந்த ஊரில் பூண்டுக்காரர் வீட்டில் பிறந்து, பூண்டுக்காரர் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்ட காளியாயிக்கு, நாற்பத்து மூன்று வயது வரைக்கும் கால் ஒரு நாளும் சூடாக இருந்ததில்லை.

அவளுக்கு வேலை கொடைக்கானலில். ஏரிக்கு மேலே மிஸ் வின்டன் என்று ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். காட்டுப் பூக்களைத் தேடித் தேடி வரைகிறவள் என்பதால் ஊரில் அவளுக்குப் பேர் பூத்துரைசாணி. அவளுக்குக் காளியாயி இருபது வருஷமாகச் சமைத்தாள். மாதம் ஒரு தடவை பூண்டு லாரியில் தொற்றிக்கொண்டு கூக்காலுக்கு வந்து புருஷனையும் பூண்டையும் பார்த்துவிட்டுப் போவாள். எதை முதலில் பார்ப்பாள் என்பது அந்தந்த மாதத்து விளைச்சலைப் பொறுத்தது.

1961ஆம் வருஷம், தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காளியாயி அடுப்பில் ஜாம் கிண்டிக்கொண்டிருந்தபோது துரைசாணி அடுப்படிக்குள் வந்து நின்றாள்.

"காளி, எல்லாரும் லீவுக்கு இங்கே வர்றாங்க. நானும் லீவுக்குத்தான் வந்தேன். திரும்பிப் போகவே இல்லை. இப்ப நாம லீவு போறோம். ஆறு மாசம். கப்பல்ல."

"நாமன்னா யாருங்கம்மா?"

"நானும் நீயும்."

கரண்டி கை நழுவி ஜாமுக்குள் முங்கியது. காளியாயி அதை எடுக்கவில்லை.

"அப்ப போன மாசம் என்னைய ஸ்டூடியோவுல உக்கார வச்சுப் படம் புடிச்சது, பேப்பர்ல கைநாட்டு வாங்குனது..."

"பாஸ்போர்ட். வந்தாச்சு." துரைசாணி சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "எந்த நாடுன்னு நீதான் சொல்லணும். இருபது வருஷம் என்ன சமையல்னு நீதானே முடிவு செஞ்சே? ஒரு நாள்கூட எனக்கு வயிறு கெடல. நாட்டையும் நீயே முடிவு செய். ஊருக்குப் போய் யோசிச்சிட்டு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வா. சனிக்கிழமை காலையில நான் பம்பாய்க்குத் தந்தி அடிக்கணும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தோணலேன்னா?"

"நான் மட்டும் ஸ்காட்லாந்துக்கு, என் தங்கச்சி வீட்டுக்குப் போவேன். அங்கே மழையும் என் தங்கச்சியும்தான். ரெண்டும் நிக்கவே நிக்காது. தயவுசெஞ்சு ஒரு பேர் சொல்லு, காளி."

உண்மையைச் சொன்னால், காளியாயிக்கு அந்த நிமிஷமே பேர் தெரியும். அடுப்படி அலமாரித் தட்டுகளில் துரைசாணியின் பழைய படப் பத்திரிகைத் தாள்களைத்தான் அவள் விரித்து வைத்திருந்தாள். சீனிச் சாடிக்கு அடியில் ஜப்பான், காப்பித்தூளுக்கு அடியில் சிங்கப்பூர், தேயிலைக்கு அடியில் சிலோன், பிஸ்கட் டின்னுக்கு அடியில் இங்கிலாந்து. உப்புச் சாடிக்கு அடியில் எகிப்து. முக்கோணமாக மூன்று கல்மலை, ஓர் ஒட்டகம், அதன் பக்கத்தில் வெறுங்காலோடு மணலில் நிற்கிற ஒரு மனுஷன். பதினொரு வருஷமாக உப்பு எடுக்கும்போதெல்லாம் அவள் அந்த மனுஷனின் காலைத்தான் பார்த்தாள். எவ்வளவு சூடாக இருக்கும்! அந்தக் கல்மலையைக் கட்டினவர்கள் பூண்டு தின்றுதான் கட்டினார்கள் என்று துரைசாணி ஒருநாள் சொல்லிவைக்க, அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

ஆனால் ஆசையை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். மலைமேல் இருக்கிறவள் வெயில் காயக் கப்பலேறுகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? ஐந்து தாள்களையும் உருவிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ராமரின் பூண்டு லாரியில் ஏறினாள். அவள் வீட்டு வாசலில் இறங்குவதற்கு முன்பே சேதி இறங்கியிருந்தது. டிரைவர் ராமருக்கு ஹாரன் பழுதானாலும் வாய் பழுதானதில்லை.

"சிலோனுக்குப் போ" என்றான் புருஷன் ஆண்டிச்சாமி. "ராமேசுரத்துல நின்னு கூப்பிட்டா அங்க காது கேக்கும். வெரசா திரும்பிரலாம்."

"ஜப்பான் மதினி, ஜப்பான்!" என்று குதித்தான் அவன் தம்பி சேனாதிபதி. "உள்ளங்கை அகல ரேடியோ விக்கிறானாம். ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பாட்டுக் கேட்டுக்கிட்டே களை எடுப்பேன்."

"நீ பாட்டு இல்லாமயே எடுக்க மாட்ட" என்றாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள். "ஏ காளி, சிங்கப்பூருக்குப் போடி. கோடாலித் தைலம் ஒரு டசன் வாங்கிட்டு வா. என் முழங்காலு ரெண்டும் வெள்ளனே எந்திரிச்சா ஒண்ணோடொண்ணு சண்ட போடுது."

ஊர்ப் பெரியவர் நல்லசாமி செருமிக்கொண்டார். "இங்கிலாந்துக்குத்தாம்மா போகணும். ராணியப் பாத்து நம்ம ஊரு ரோட்டப் பத்திச் சொல்லிட்டு வா."

"வெள்ளக்காரன் போயி பதினாலு வருசமாச்சுங்களே, மாமா."

"போனவன் ரோட்டப் பாதியில விட்டுட்டுல்ல போயிருக்கான்? வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போகச் சொல்லு. அரைகுறையா ஒரு சோலியப் போட்டுட்டுப் போனா என்ன அர்த்தம்?"

எகிப்தின் பேரை ஒருவரும் எடுக்கவில்லை. காளியாயியும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, "பல்லு போட்டுப் பாப்போம்" என்றாள்.

அது அவள் பிறந்த வீட்டு வழக்கம். ஒரு பெண்ணுக்கு இரண்டு வரன் வந்து எதைத் தள்ளுவது, எதைக் கொள்வது என்று தெரியாமல் போனால், ஆளுக்கொரு பூண்டுப் பல் நட்டுவைப்பார்கள். முதலில் முளைக்கிற பல்லுக்குரியவன் மாப்பிள்ளை. ஆண்டிச்சாமியே அப்படி முளைத்து வந்தவன்தான்.

ஐந்து ஜாம் டப்பாக்களில் மண் நிரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் படத்தைக் கஞ்சி தடவி ஒட்டினாள். பரணில் தொங்கிய விதைப்பூண்டில் ஒரே கொத்தில் ஒரே அளவான ஐந்து பல் உரித்து, ஊர் பார்க்க நட்டு, டப்பாக்களைக் கொல்லைச் சுவர்மேல் வரிசையாக வைத்தாள். கடைசி டப்பாவை வைத்துவிட்டு அவள் கை கொஞ்ச நேரம் அதன்மேலேயே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

அடுத்த பத்து நாள் கூக்காலில் ஒருவருக்கும் வயல் வேலை ஓடவில்லை. பூண்டு முளைப்பதைப் பார்க்கத் திருவிழாக் கூட்டம். பூம்பாறையிலிருந்துகூட இரண்டு பேர் நடந்து வந்து டப்பாவைப் பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். காளியாயிக்குச் சோறு இறங்கவில்லை. கப்பலில் படுக்கை ஆடுமாமே, அப்போது தலைமாட்டில் சொம்பு வைக்கலாமா கூடாதா என்று ஒருநாள் முழுக்க யோசித்தாள். ஒட்டகத்துக்குத் தமிழ் தெரியாதே, நில் என்றால் நிற்குமா என்று மறுநாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சுவரோரம் யாருமில்லாதபோது கடைசி டப்பாவிடம், "வெரசா வா சாமி" என்றாள்.

வியாழக்கிழமை பொழுது சாயும்வரை ஒரு டப்பாவிலும் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் ஓடைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். அந்தச் சின்ன நேரத்துக்குள் கொல்லைச் சுவர்மேல் அதிசயம் நடந்திருந்தது. ஜப்பானில் நாலு விரல் உயரத்துக்கு முளை. சிங்கப்பூரில் மூன்று விரல். இங்கிலாந்தில் ஒரு சாண்! சிலோனில் மட்டும் அரிசி அளவுக்கு ஒரு பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. எகிப்தில் வெறும் மண்.

காளியாயி குடத்தை இறக்கினாள். நடை பழகின நாளிலிருந்து பூண்டு நட்ட கை அது. ஒரு குடம் தண்ணீர் மொள்ளுகிற நேரத்தில் பூண்டு ஒரு சாண் வளர்வதென்றால் கூக்கால்காரர்கள் எல்லோரும் மகாராஜாக்களாக அல்லவா இருக்க வேண்டும்? அவள் போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. தெருமுனையில் ராமரின் லாரியும் வந்து நின்று உறுமியது.

முதலில் இங்கிலாந்தைப் பிடுங்கினாள். வேரில் செம்மண் ஒட்டியிருந்தது.

"இந்த ஊருல செம்மண்ணு யாரு காட்டுல கெடக்கு?"

நல்லசாமி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார். "ரோட்டுக்காகம்மா..." என்றார் மெதுவாக.

சிங்கப்பூர்ப் பல் முழுக்க அடுப்புக் கரி. "கருப்பம்மாக்கா, உங்க அடுப்புக்கு மேல முளைச்சுக் கெடந்ததுதானே இது?"

"முழங்காலுக்கு நியாயம் தெரியுமாடி?" என்றாள் கருப்பம்மாள்.

ஜப்பானைப் பிடுங்கியவள் அதை மோந்து பார்த்தாள். பிறகு சேனாதிபதியைப் பார்த்தாள்.

"ஏலே, இது வெங்காயம்லே!"

"அவசரத்துல கைக்கு அதான் மதினி வந்துச்சு!"

சிரித்த சிரிப்பில் கொல்லைச் சுவரே ஆடியது. சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் சிலோன் டப்பாவைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பச்சை மூக்கில் குற்றம் ஒன்றுமில்லை. அவள் நட்ட பல்தான், தானாக முளைத்ததுதான்.

"ஆண்டிச்சாமி ஒருத்தந்தேன் கைய வைக்கல. நாணயமான ஆளு" என்றார் நல்லசாமி. அந்தப் பேச்சு மாறினால் போதும் அவருக்கு. "சிலோன்தாம்மா. பல்லு சொல்லிருச்சு."

லாரி இரண்டு தடவை ஹாரன் அடித்தது. சிலோனும் நல்ல ஊர்தான். கடல் இருக்கிறது, தேயிலை இருக்கிறது, மலையும் பனியும்கூட இருக்கிறதாம். அந்தப் பனிதான் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. சரி, வழக்கம் என்றால் வழக்கம். எகிப்து டப்பாவை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். விதைப்பூண்டை யாராவது வீணாக்குவார்களா? பல்லைத் திரும்பப் பரணில் சேர்க்கத்தான் கவிழ்த்தாள்.

மண் உதிர்ந்தது. பல் கையில் நின்றது.

முளை வந்திருந்தது. கீழ்ப்பக்கமாக வந்து, டப்பாவின் அடித்தகரத்தில் முட்டி, வளைந்து, பல்லைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியிருந்தது. மண்ணை விட்டு வெளியே வர இன்னும் அரை விரல்தான் பாக்கி. நேராக நின்றிருந்தால் இரண்டு நாளைக்கு முன்பே சிலோனை முந்தியிருக்கும்.

"இதத் தலகீழா நட்டிருக்கு" என்றாள் காளியாயி. "நான் நடல. தூக்கத்துல நட்டாலும் என் கையி தலகீழா நடாது."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆண்டிச்சாமி மட்டும் வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றுமே இல்லை.

"ஏங்க."

"ம்."

"இங்க பாருங்க."

"நட்ட அன்னைக்கே திருப்பி வச்சேன்" என்றான் ஆண்டிச்சாமி, வானத்திடமே. "மத்த நாலு டப்பாவையும் வச்சுட்டுக் கைய எடுத்துட்ட. அதுல மட்டும் கைய வச்சுக்கிட்டே நின்ன. உனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா? ஆறு மாசம், அம்புட்டுத் தொலவு. படத்துல பாத்தேன், ஒரு மரங்கூட இல்ல. வழி கேக்க ஒரு ஆளு இல்ல. தொலஞ்சு போனா எங்க போயித் தேடுவேன்?"



"அங்க எதுக்கும்மா போகணும்?" என்று கேட்டார் நல்லசாமி. "மணலும் வெயிலுந்தானே?"

"அதுக்குத்தான் மாமா போறேன். கால் சூடாகணும்."

"அதுக்கு வத்தலக்குண்டுக்குப் போனாப் பத்தாதாக்கும்? சித்திரையில இறங்கி நில்லு, கால் என்ன, தலையே பொரியும்!"

ஊர் சிரித்தது. பதினொரு வருஷமாகப் பயந்த சிரிப்பு அதுதான். காதில் விழுந்தபோது அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

"வத்தலக்குண்டுல ஒட்டகம் இருக்கா மாமா? பூண்டு தின்னுக்கிட்டு மலை கட்டுனவுக இருக்காகளா? நம்ம பூண்டு பெருசா அவுக பூண்டு பெருசான்னு யாராச்சும் ஒருத்தர் போயிப் பாக்க வேணாமா?"

இதற்கு ஒரு பூண்டு ஊரில் யார்தான் பதில் சொல்ல முடியும்? நல்லசாமியே அசந்துபோனார். "அது நாயந்தான். பாத்துட்டு வா. அவுகளது பெருசா இருந்தா இங்க வந்து சொல்லாத" என்றார்.

காளியாயி பல்லை நேராக நிமிர்த்தி நட்டு, டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லாரிக்கு நடந்தாள். பின்னாலேயே வந்த ஆண்டிச்சாமி அவளைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

"கோவமா புள்ள?"

"பல்லத் தலகீழா வச்சவுகளுக்கு அபராதம் உண்டு. ஆறு மாசம் நீங்கதான் சோறாக்கணும், தம்பிக்கும் சேத்து" என்றவள், துரைசாணி தந்த கம்பளிச் சாக்ஸைக் காலிலிருந்து உருவி அவன் கையில் கொடுத்தாள். "இதப் போட்டுக்கங்க."

"நீ கால்ல என்னத்தப் போடுவ?"

"மணல."

அன்று சாயங்காலம் ஏரிக்கு மேலே இருந்த வீட்டின் அடுப்படியில், தாளில்லாத அலமாரியின்மேல் அவள் டப்பாவை வைத்தபோது துரைசாணி படத்தைப் பார்த்தாள், டப்பாவின் மண்ணைப் பார்த்தாள், காளியாயியின் வெறுங்காலைப் பார்த்தாள். தந்திப் படிவத்தை எடுத்து வந்து அங்கேயே எழுதினாள். எழுதி முடித்ததும் இரண்டு பேரும் ஜாம் பானையைச் சுற்றி ஒரு சுற்று ஆடினார்கள் என்று கொடைக்கானலில் சொல்வார்கள். இரண்டு சுற்று என்பதுதான் உண்மை.

பங்குனியில் கப்பல் புறப்பட்டது. வைகாசி பிறந்து ஐந்தாம் நாள் கூக்காலுக்கு ஓர் ஒட்டகப் படத் தபால் அட்டை வந்தது. காளியாயி சொல்லச் சொல்ல, துரைசாணி கோணல் கோணலான தமிழில் எழுதியது. நல்லசாமிதான் ஊர் கேட்க உரக்கப் படித்தார்.

"நலம். ஒட்டகம் நில் என்றால் நிற்கிறது. அவர்கள் பூண்டைப் பற்றி நேரில் சொல்கிறேன். கால் சூடாகிவிட்டது. மூன்றாம் நாளே கொப்புளம் வந்துவிட்டது. சாக்ஸை உடனே அனுப்பவும்."

ஆண்டிச்சாமி சிரித்த சிரிப்பில் ஓடையில் மீன் கரையேறியது. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சாக்ஸைக் கழற்றினான். ஓடையில் துவைத்தான். அது காய்வதற்கு இரண்டு நாளானது, கூக்கால் வெயில் அல்லவா! காய்ந்ததும் மடித்து, ஒன்றுக்குள் ஒரு பூண்டுப் பல்லை வைத்தான். அது எப்பக்கம் நிற்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, தலை மேலே இருப்பது உறுதியான பிறகுதான் பொட்டலத்தைக் கட்டினான்.