மன்சனாரில் அவளுக்கு வழி தெரிந்தது

அக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க மலைக்கு அந்தப் பக்கம் போனோம். நான், ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், என்னோடு ஒரே டீமில் வேலை பார்க்கும் தோழி. என் கணவருக்கு அந்த வாரம் ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ்; வரவில்லை. தோழி என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். சன்னிவேலில் எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிர் பிளாக்கில் தனியாக இருந்தாள். நான்கு வருடப் பழக்கம். சொந்த ஊர் திருச்சி என்று சொல்லியிருந்தாள். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

மன்சனாருக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இந்த நாட்டிலேயே வாழ்ந்துகொண்டிருந்த ஜப்பானிய வம்சாவளியினரைக் குழந்தைகளோடு கொண்டுவந்து முள்வேலிக்குள் அடைத்த முகாம்களில் அது ஒன்று. இப்போது நினைவிடம். மகளுக்குப் பள்ளியில் அதைப் பற்றிப் பாடம் நடந்திருந்தது. "ஒரு மணி நேரம் பாத்துட்டுக் கிளம்பிடலாம்" என்றேன். "சரிக்கா" என்றாள் தோழி.

போய்ச் சேர மணி நாலாகிவிட்டது. வாசலில் எங்கள் காரைத் தவிர வேறு கார் இல்லை. மேற்கே சுவர் மாதிரி மலை. கிழக்கே பழுப்பு நிற வெட்டவெளி. நடுவில் காற்று. காவல் கோபுரம் ஒன்றும் மரக் கொட்டகைகள் சிலவும் புதிதாகக் கட்டி வைத்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் புதர்தான். எந்த இடத்தில் எந்த வரிசை இருந்தது என்பதற்குச் சின்னச் சின்னப் பலகைகள். "ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, செல்ஃபி வேண்டாம்" என்று மகளிடம் சொல்லித்தான் காரிலிருந்து இறக்கினேன்.

முதல் கொட்டகைக்குள் இரும்புக் கட்டில்களும் வைக்கோல் மெத்தைகளும் இருந்தன. பலகை இடுக்குகளில் காற்று மெல்ல விசிலடித்தது. எனக்கு எங்கே போனாலும் அறிவிப்புகளை ஒன்று விடாமல் படிக்கும் பழக்கம். தோழி எதையும் படிக்கவில்லை. அறை நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கதவுப் பக்கம் அப்பா படுப்பாங்க. அந்த மூலை பொம்பளப் பிள்ளைங்களுக்கு. நடுவுல சேலை கட்டுவாங்க" என்றாள்.

எங்கோ படித்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இங்கே சேலைக்குப் பதில் போர்வை. அது ஒன்றுதான் வித்தியாசம். குடும்பங்கள் நடுவில் போர்வை கட்டி மறைத்துக்கொண்ட செய்தி என் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையில்தான் இருந்தது. அந்தப் பக்கம் அவள் போகவே இல்லை.

வெளியே வந்ததும் எங்களுக்கு முன்னால் நடந்தாள். "டாய்லெட் வரிசைக்கு நடுவுல இருக்கும். எல்லாருக்கும் பொது" என்றாள். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனால் அது அங்கேதான் இருந்தது. பெண்களுக்கான கழிப்பறை. நடுவில் தடுப்பே இல்லாமல் வரிசையாகப் பீங்கான்கள்.

"ஆன்ட்டி, ஹவ் டிட் யூ நோ?" என்று கேட்டாள் மகள்.

"தனியா வர மாட்டோம்டா. ரெண்டு ரெண்டு பேராத்தான் வருவோம்."

'வருவோம்' என்றாள்.

அங்கே மாலை மெதுவாக வருவதில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் நிழல் தரையில் ஊர்ந்து வந்து எங்கள் கால்களைத் தாண்டிப் போயிற்று. குளிரும் கூடவே வந்தது. "கிளம்பலாமா?" என்றேன். தோழி திரும்பி வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.

"கெதியா வாங்கோ. செக்கிங்குக்கு முதல் உள்ளுக்கு நிக்க வேணும்."

நான்கு வருடத்தில் நான் ஒரு நாளும் கேட்டிராத பேச்சு. அவள் கார் இருந்த பக்கம் போகவில்லை; கொட்டகைக்குள் போனாள். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலோரம் முதுகை நிமிர்த்தி, பெயர் கூப்பிடக் காத்திருப்பவளைப் போல வாசலைப் பார்த்து நின்றிருந்தாள். நாங்கள்தான் வாசலில் நின்றோம். அவள் கண்ணில் நாங்கள் படவில்லை.

தோளைத் தொட்டேன். "வாம்மா, கார்ல போய் உக்காரலாம்."

"ஐயோ, சாரிக்கா" என்றாள். பழைய குரல்.

காரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவளாகச் சொன்னாள். ஐந்து வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்திருக்கிறாள். மண்டபத்தில் இறங்கி, பிறகு திருச்சிப் பக்கம் ஒரு அகதி முகாம். பத்துக்குப் பத்து அறை. ஆட்களைக் கணக்கெடுக்கும் 'செக்கிங்' நாளன்று வீட்டில் எல்லோரும் இருந்தாக வேண்டும். முகாமிலிருந்தே இன்ஜினியரிங் படித்தாள். அகதிக்குப் பாஸ்போர்ட் கிடைக்காததால், பிறகு தனியாக இலங்கைக்குத் திரும்பிப்போய் அதை எடுத்து, மாஸ்டர்ஸ் படிக்க இங்கே வந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"கேம்ப்னு சொன்னா மூஞ்சி மாறும்க்கா. காலேஜ்ல பாத்திருக்கேன். அதான் பேச்சையே மாத்திக்கிட்டேன்."

என் முகம் மாறியிருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மைல் தள்ளி அப்படி ஒரு முகாம் இருந்தது. பஸ்ஸில் தினமும் அதைக் கடந்துதான் கல்லூரிக்குப் போனேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. வண்டியை எடுத்தேன்.

அடுத்த ஊரில் மோட்டலில் தங்கினோம். காலையில் காபி குடிக்கும்போது, "இன்னொரு தடவ போலாமாக்கா?" என்று கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். சரி என்றேன்.

இந்த முறை முகாமின் கோடியில் இருந்த இடுகாட்டுக்குப் போனோம். வெள்ளைத் தூண் ஒன்று. அதன் அடியில் யார் யாரோ வைத்துவிட்டுப் போன காகிதக் கொக்குகள், கூழாங்கற்கள், ஒரு பொம்மைக் கார். மகள் சொல்லாமலே தொப்பியைக் கழற்றினாள். தோழி போனை எடுத்து அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். திரையில் ஒரு நீலச் சுவர், கயிற்றில் துணி, நடுவில் அம்மாவின் முகம்.

"அம்மா இன்னும் அந்தக் கேம்ப்லதான் இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆமாக்கா. மன்னாருக்குத் திரும்பிப் போனா எங்க வீட்டு இடத்துல இப்ப வேற ஆள் இருக்காங்க" என்றாள். பிறகு போனைத் திருப்பிப் புதரையும் கொட்டகைகளையும் கோபுரத்தையும் காட்டினாள்.

"இதென்ன இடம்?" என்றார் அம்மா.

"இதுவும் கேம்ப்தான் அம்மா. முந்தி."

"ஒருத்தரையும் காணேல்லையே. சனம் எல்லாம் எங்க?"

"வீட்டுக்குப் போயிட்டினம்."

"எப்ப விட்டவையாம்?"

"சண்டை முடிய விட்டுட்டினம்."

காற்றில் போன் இரைந்தது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"எங்கட சண்டையும் முடிஞ்சுதே."

போன் தோழியின் கையில் அந்தக் காலி வெளியைக் காட்டியபடியே இருந்தது. கடைசியில் அம்மா, "வெய்யில்ல நிக்காத. அந்தப் பிள்ளைக்கும் சாப்பிட ஏதும் குடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காரில் கட்டி வைத்திருந்த தோசையை மூன்று பேரும் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகள் அவளிடம், "ஆன்ட்டி, வாட்ஸ் யுவர் மாம்ஸ் நேம்?" என்று கேட்டாள். அவள் சொன்னாள். மகள் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.