சைகைக்கு ஒரு சான்றிதழ்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு சிவில் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தேன். நடைமுறை என்று ஒன்று இருந்தால் அது எனக்குத் தெரியும். கேட்டதற்குச் சொல்வேன், கேட்காததைச் சொல்லமாட்டேன். அதற்குப் பெயர் ஒழுங்கு என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

பிறவியிலேயே காது கேளாத, பேச்சு வராத ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கு வந்தது. முப்பது வயதைத் தாண்டியவள், தையல் வேலை. வீட்டில் தனக்கிருந்த பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம். அதில் அவள் கைநாட்டு. ரேஷன் கார்டுக்கு என்று சைகை காட்டி அண்ணனே கையைப் பிடித்து வைத்துவிட்டான், பத்திரம் செல்லாது என்பது அவள் தரப்பு. தோற்றால் வீதிதான்.

அவள் கைப்பேச்சு முழுதும் புரிந்த ஆள் ஊரில் ஒருத்திதான். பக்கத்து வீட்டுப் பெண், பி.ஏ. கடைசி வருடம். அப்பாவுக்கு அடி அண்ணாமலை கிராமத்தில் நிலம். தவழ்கிற வயதிலிருந்து அந்தத் தையல்காரியின் மடியில் வளர்ந்தவள்.

முதல் விசாரணையில் தையல்காரி கூண்டில் ஏறி, கட்டைவிரலை உள்ளங்கையில் அழுத்தினாள். முந்தானையைப் பை போல விரித்து அரிசி வாங்கிக் காட்டினாள். பிறகு அண்ணனைச் சுட்டினாள். வாசலில் நின்ற டவாலிச் சேவகனே, “அடப்பாவி, ரேஷன் கார்டுன்னு சொல்லி வாங்கிட்டானா!” என்றான். எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் புரிந்ததை எழுத ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் முன்னால் வந்தாள். எங்களிடம் உருது, தெலுங்கு மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு படிவம் இருந்தது. அதில் “தகுதி, பயின்ற நிறுவனம்” என்று ஒரு கட்டம்.

“எந்த காலேஜ்ல படிச்ச?” என்றேன்.

“இதுக்கு ஏது சார் காலேஜ்? பக்கத்து வீட்ல இருக்கறேன். அவ்ளோதான்.”

“பக்கத்து வீட்டு யுனிவர்சிட்டி!” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். கோர்ட்டே சிரித்தது.

நீதிபதி பணிக்குப் புதியவர். என்னைப் பார்த்தார். கட்டத்தைக் காலியாக விட வழியில்லை என்றேன். தகுதி பெற்றவரை அழைத்துவரச் சொல்லி வாய்தா போட்டார். வாய் பேசாதவர் சைகையால் சாட்சி சொல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. சைகை புரிந்தவருக்குப் பிரமாணம் செய்துவைத்தால் போதும்; பட்டம் எதையும் அது கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நீதிபதி என்னிடம் கேட்டது படிவத்தைப் பற்றி மட்டும்தான்.

மறுநாள் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். “சார், இத எந்த காலேஜ்ல சொல்லித் தராங்க?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. யார் யாருக்கு எழுதவேண்டும், எதன் நகலை இணைக்கவேண்டும், தபால்தலை ஒட்டிய உறையை எப்படி மடித்து வைக்கவேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் செய்தாள். பதில்கள் வந்தன. ஒரு கல்லூரி, சுருக்கெழுத்துப் பிரிவுக்கு மனுச் செய்யச் சொன்னது. இன்னொன்று, கை அசைவென்றால் நாட்டிய வகுப்பில் இடம் இருக்கிறது, சலங்கையோடு வரவும் என்றது. மொழித்துறைப் பேராசிரியர் ஒருவர், எழுத்து இல்லாதது மொழியாகாது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கடைசியாக ஒன்று, தூரத்து நகரத்தில் காது கேளாதோருக்கான ஆசிரியர் பயிற்சி, ஒரு வருடம்.

“இதான்மா. போ,” என்றேன்.

போனாள். எங்கள் கோர்ட்டில் ஒரு வருடத்தை வாய்தாவிலேயே ஓட்டுவது பெரிய காரியம் அல்ல.

சான்றிதழோடு திரும்பியவள் இளைத்திருந்தாள். “அங்க சைகையே கூடாது சார். பிள்ளைங்கள வாயால பேச வைக்கணுமாம். கைய ஆட்டினா பின்னால கட்டிடுவாங்க. நாங்க ஆட்டினா ஸ்கேலாலயே போடுவாங்க.”

“சர்டிபிகேட் இருக்குல்ல?” என்று வாங்கி, கட்டத்தை நிரப்பினேன்.

விசாரணை நாளில் பிரமாணம் ஆயிற்று. தெரிந்துதான் கைநாட்டு வைத்தாயா என்பது கேள்வி. அந்தப் பெண் தையல்காரியின் பக்கம் திரும்பினாள். கைகள் பாதி எழுந்து, யாரோ அதட்டியது போல நின்றன. பிறகு சமாளித்துக்கொண்டு சைகையைத் தொடங்கினாள்.

வக்கீல் சான்றிதழின் நகலோடு எழுந்தார். “இவங்களுக்குக் குடுத்திருக்கற டிரெய்னிங், கை அசைவு இல்லாம பேச வைக்கறதுக்கு. இப்ப கைய ஆட்டறது எந்தத் தகுதியில?”

நீதிபதி வாசித்துப் பார்த்து, தகுதிப்படியே கேட்கச் சொன்னார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பெண் உதட்டை அகலமாக விரித்து விரித்துக் கேட்டாள். தெருவில் தன்னைப் பார்த்து வாயசைத்துக் கேலி செய்கிறவர்களைத் தையல்காரிக்குத் தெரியும். இவளும் அப்படிச் செய்வாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கூண்டைவிட்டு இறங்கிவிட்டாள்.

“சாட்சி பதிலளிக்கவில்லை” என்று எழுதினேன். அண்ணன் என்னைத் தாண்டிப் போகும்போது, “ஊமைக்கு எதுக்கு சார் இவ்ளோ ஜாஸ்தி மரியாதை?” என்றான். வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

மேல்முறையீட்டுக்கு அவகாசம் இருந்தது. வக்காலத்தில் கைநாட்டு வேண்டும். வழக்குத் தொடுத்தபோது அந்தப் பெண் கையால் விளக்கியதும் தையல்காரி தயங்காமல் வைத்தாள். இப்போது கோர்ட்டு வராந்தாவில் மை தடவிய அட்டையைப் பார்த்ததும் கையை முஷ்டியாக மூடி, அக்குளில் செருகிக்கொண்டாள். அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து கெஞ்சிக் கெஞ்சிச் சைகை செய்தாள். அவளோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் திருப்பிக்கொண்டவளிடம் கையால் எதைச் சொல்வது?

எனக்கு அடுத்த கோப்பு காத்திருந்தது. “கையப் பிடிச்சி வச்சிட வேண்டியதுதானம்மா,” என்றேன்.

அவள் எழுந்தாள். “அத அவங்க அண்ணன் ஏற்கெனவே செஞ்சிட்டாரு சார்.”

அவகாசம் முடிந்தது. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்து கொடுக்கும் உத்தரவு தட்டச்சாகி என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு பிழை இருந்தது, திருத்தி அனுப்பினேன்.