ரெண்டாந்தரம் கேட்டால்

பள்ளிக்கூடத்திலயிருந்து வந்த கடிதத்தில, இந்தச் சங்கீதச் சோதினைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யத் தேவையில்லை எண்டு எழுதியிருந்தது. இவர் அதை வாசிச்சுப்போட்டு என்னைப் பார்த்தார். "விளங்குதோ? ஆயத்தம் செய்யாத பிள்ளையளைக் கழிக்கப் போயினம்" எண்டார். எனக்கும் அப்பிடித்தான் பட்டது. ஒரு அரசாங்கக் கந்தோர் எதைத் தேவையில்லை எண்டு சொல்லுதோ அதைத்தான் கடைசியில கேட்கும். இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் படிச்ச முதல் பாடம் அது.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருசங்கள் அது. லண்டனில ஆர்ச்வேக்குக் கிட்ட இருந்தனாங்கள். மகளுக்குப் பத்து வயது. எல்லாரும் நல்லதெண்டு சொல்லுற பள்ளிக்கூடம் ரெண்டு பஸ் மாறிப் போற தூரத்தில இருந்தது. பக்கத்தில குடியிருக்கிறவைக்குத்தான் அங்க இடம். எங்களைப்போல தூரத்துச் சனத்துக்கு ஒரே வழி, சங்கீதக் காது உள்ள பிள்ளையள் எண்டு சோதிச்சு எடுக்கிற கொஞ்ச இடம்தான். அங்கத்தை ஓர்கெஸ்ட்ராவை ஒருநாள் போய்ப் பார்த்திட்டு வந்ததிலயிருந்து, நிலத்தில ஊண்டி வாசிக்கிற அந்தப் பெரிய செல்லோவைப் படிக்கப் போறன் எண்டு மகள் ஒற்றைக் காலில நிண்டாள். என்ர தும்புத்தடியை முழங்காலுக்கிடையில வைச்சு அகப்பைக் காம்பால வாசிச்சுக்கொண்டிருப்பாள். வீடு கூட்ட எனக்குத் தடி கிடைக்காது.

சும்மா ஆசை மட்டும் இல்லை, பிள்ளைக்கு உண்மையாவே காது இருந்தது. குக்கர் விசிலுக்கும் சுரம் சொல்லுவாள். அந்த இடம் அவளுக்கெண்டே வைச்ச இடம் எண்டு நான் நம்பினன்.

சோதினை இதுதான். ஒரு சின்ன மெட்டு வாசிப்பினம். பிறகு அதையே திரும்ப வாசிப்பினம். ரெண்டாந்தரம் எத்தினையாவது சுரம் மாறினது எண்டு பிள்ளை எழுத வேணும். ஒண்டும் மாறேல்லையெண்டால் 'சேம்' எண்டு போட வேணும்.

கோயிலில, மகளோட வயலின் படிக்கிற ஒரு பிள்ளையின்ர தாயைக் கண்டன். அந்தப் பிள்ளையும் அதே சோதினைக்குப் போறாள். "ஆரிட்டையும் விட்டுப் பழக்கிறியளோ?" எண்டு மெல்லக் கேட்டன். "இல்லையப்பா, சும்மா போய் எழுதட்டும். கிடைச்சால் கிடைக்கட்டும்" எண்டா, திருநீறைப் பூசிக்கொண்டு. முருகனுக்கு முன்னால நிண்டு என்ன துணிவில பொய் சொல்லுறா? கிடைச்சால் கிடைக்கட்டும் எண்டு சொல்லுற யாழ்ப்பாணத்துத் தாயை நான் இன்னும் காணேல்லை. கட்டாயம் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் வீட்டுக்கு வந்து போறார். அந்தத் தெருவால மெதுவா நடந்தும் பார்த்தன். ஒருத்தரையும் காணேல்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாப் போச்சு.

எங்கட வீட்டுக்கு வாத்தியார் வேண்டாம் எண்டிட்டார் இவர். கேள்வி கேட்கிறவையின்ர வேலை தனக்குத் தெரியும் எண்டார். இவரின்ர அகதி விசாரணையில, ஊரில ஆமிக்காரர் வீட்டுக்கு வந்தது எப்ப எண்டு கேட்டவையாம். விடிய எண்டு சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதையே வேற மாதிரிக் கேட்க, நல்ல இருட்டு எண்டு சொன்னார். அங்க விடியப்புறம் இருட்டுத்தானே. ஆனா அவை அதை ரெண்டு கதையா எடுத்து மறுத்துப்போட்டினம். அப்பீல் செய்து வெண்டு, நான் வந்து சேர வருசக்கணக்காச்சு. அண்டையிலயிருந்து இவருக்கு ஒரே வேதம். ரெண்டாந்தரம் கேட்டால் சொன்னதை மாத்தாதை.

பழைய கீபோர்ட் ஒண்டு வாங்கிச் சாப்பாட்டு மேசையில வைச்சார். மனுசனுக்குச் சங்கீதம் மருந்துக்கும் தெரியாது. ஒற்றை விரலால ஐஞ்சு சுரம் அமத்துவார், பிறகு ஒண்டை மாத்தி அமத்துவார். மகள் இடியப்பத்தை மெண்டுகொண்டே "மூண்டாவது" எண்டுவாள். ஒருநாளும் பிழைக்கேல்லை. இவருக்கு அதுதான் பயம். "இவ்வளவு லேசெண்டால் ஏன் வைக்கினம்? உள்ளுக்க ஏதோ பொறி இருக்கு" எண்டார். ஓம், இருக்கும் எண்டு நானும் சொன்னன்.

பிறகு இவரே பொறி வைக்கத் தொடங்கினார். ஒண்டையும் மாத்தாமல் வாசிச்சுப்போட்டு, முகத்தைச் சுளிச்சு, "வடிவா யோசி, எங்கயோ மாறினதெல்லோ?" எண்டு கேட்பார். மகள் தகப்பன்ர முகத்தைப் பார்த்துத் தடுமாறி, "நாலாவதோ?" எண்டுவாள். "பார்த்தியோ, விழுந்திட்டாய். உன்னைக் குழப்பத்தான் திரும்ப வாசிக்கிறது." இதில இன்னொரு கூத்து, இவரின்ர தடிச்ச விரல் தெரியாமல் பக்கத்துக் கட்டையிலயும் படும். "ரெண்டாவது மாறிச்சு அப்பா" எண்டுவாள். "நான் மாத்தேல்லை. உனக்குச் சந்தேகம் வந்திட்டுது, அதைத்தான் அவை பார்த்துக்கொண்டிருப்பினம்" எண்டு அடிச்சுச் சொல்லுவார். போகப்போகப் பிள்ளை தலை நிமிராமலே "சேம்" எண்டு சொல்லப் பழகிட்டாள். இவர் அவளின்ர தலையைத் தடவிவிடுவார். குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டு நானும் கெட்டிக்காரி எண்டன்.

சோதினையண்டு, வாசலில நிண்ட சங்கீத ரீச்சர் எல்லாப் பிள்ளையளையும் சிரிச்சு வரவேற்றா. பயப்பிடாதேங்கோ, கேட்கிறதை எழுதுங்கோ, அவ்வளவுதான் எண்டா. இவர் என்ர காதுக்குள்ள, "விசாரணையில எனக்கும் தண்ணி தந்து சிரிச்சுத்தான் தொடங்கினவை" எண்டார். உள்ளுக்க போகேக்க மகளின்ர தோளைப் பிடிச்சு, "ஞாபகம் இருக்கோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுப் போனாள். கோயிலில கண்ட அந்தத் தாயின்ர பிள்ளை அப்பிள் கடிச்சுக்கொண்டு பின்னால போச்சுது.

திரும்பி வரேக்க பஸ்ஸின்ர மேல்தட்டில, முன் சீற்றில இருந்தம். எப்பிடியெண்டு கேட்டன்.

"ஈஸி அம்மா. ஒரு மெட்டை வாசிச்சிட்டு, திரும்ப வாசிக்கேக்க இடையில ஒண்டை மாத்தி மாத்திக் குழப்பப் பார்த்தவை. நான் விழேல்லை. எல்லாத்துக்கும் சேம் போட்டனான்."

நான் அவளின்ர பக்கம் திரும்பினன். "மாறினது உனக்குக் கேட்டதோ?"

"ஓம்" எண்டிட்டு ஒரு மெட்டை முனகினாள். பிறகு அதையே அவை மாத்தின மாதிரி முனகினாள். அடுத்ததையும் அப்பிடியே. சங்கீதம் தெரியாத எனக்கே வித்தியாசம் விளங்கிச்சு. பிள்ளைக்கு ஒரு சுரம் தப்பேல்லை. முடிவு வரும்வரைக்கும் பார்த்திருக்கத் தேவையில்லை, இடம் போச்சு. இவரை அந்தப் பஸ்ஸிலயே வைச்சுக் கிழிச்சுப்போடுற கோபம் வந்தது. திரும்பிப் பார்த்தால், மனுசன் முன் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு இருந்தார்.

கம்பியை விட்டிட்டு இவர் மகளின்ர கையைப் பிடிச்சார். "குஞ்சு, அது குழப்பிறதுக்கு இல்லை. அவை உண்மையாவே மாத்தித்தான் வாசிச்சவை. உனக்குக் கேட்டதுதான் சரி. அப்பாதான் பிழையாச் சொல்லித் தந்திட்டன்."

மகள் தகப்பன்ர முகத்தை வடிவாப் பார்த்தாள். மெல்லச் சிரிச்சாள். பிறகு கையை இழுத்துக்கொண்டு, "இல்லை அப்பா, சேம்தான்" எண்டாள்.